ஓடாத டாங்கியின் சேறு

பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் நாலைந்து பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் குச்சி குச்சியாக ஓடும் கிளைகளில் உறுப்புகள் காய்த்துத் தொங்குகின்றன: சக்கரங்கள், கவசத் தகடுகள், பீரங்கிக் குழாயின் இரண்டு பாதிகள், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கைப்பிடி. கூடவே படம் போட்ட விளக்கத்தாள். எல்லாவற்றையும் ஒட்டி முடித்தால் கிடைக்கப்போவது, 41ஆவது ஆயிரமாண்டில் நடப்பதாகச் சொல்லப்படும் ஒரு போரில் ஓடும் டாங்கி. அப்படி ஒரு டாங்கி எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளியே வந்ததில்லை. எந்த வயலையும் உழுததில்லை. ஆனால் அதைச் செய்ய உட்காரும் மனிதருக்கு முதல் நாளிலிருந்தே ஒரு கவலை: இதில் சேறு எங்கெங்கே ஒட்டியிருக்கும்?

பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். இல்லாத டாங்கிக்கு இல்லாத சேறு. நிஜ டாங்கியின் மாடலைச் செய்பவருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அவரிடம் பழைய புகைப்படங்கள் இருக்கும், ராணுவக் கையேடு இருக்கும், அருங்காட்சியகத்தில் அசலே நிற்கும். அவர் செய்தது சரியா தப்பா என்று ஆவணம் சொல்லிவிடும். விஞ்ஞானக் கதை டாங்கி செய்பவருக்கு ஆவணம் இல்லை. அவர் செய்தது நம்பும்படி இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. அது இன்னும் கடினமான பரீட்சை.

இந்த விஷயத்தில் கற்பனைதான் மூத்தது, நிஜம் இளையது. எச்.ஜி. வெல்ஸ் 'தி லேண்ட் அயர்ன்கிளாட்ஸ்' என்ற சிறுகதையை லண்டனின் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் எழுதியது 1903 டிசம்பரில். நிலத்தில் ஊர்ந்து வரும் இரும்புக் கப்பல்கள். நீளம் 80 முதல் 100 அடி வரை. பாதம் பாதமாக எடுத்து வைத்து நடக்கும் சக்கரங்கள். உள்ளே உட்கார்ந்து சுடுபவர்கள் மீசை முறுக்கிய சிப்பாய்கள் அல்ல. அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர்களைப் போன்ற நகரத்து இளைஞர்கள். பதுங்குகுழிகளில் காத்திருந்த கிராமத்து வீரர்களை அவர்கள் பதற்றமே இல்லாமல் முடித்துவிடுகிறார்கள். கதை வந்து 13 வருடம் கூட ஆகவில்லை. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் நதிக்கரைப் போர்க்களத்தில் பிரிட்டனின் மார்க் 1 டாங்கிகள் நிஜமாகவே ஊர்ந்து வந்தன.

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு சங்கதி உண்டு. 1913இல் அதே வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். தகர சிப்பாய்களையும் குட்டி பீரங்கிகளையும் தரையில் பரப்பி, பெரியவர்கள் மண்டியிட்டுப் போர் விளையாடுவதற்கான விதிகள். இன்றைய மேஜைப் போர் விளையாட்டுகள் பலவற்றுக்கும் அதுதான் பாட்டனார். பொம்மைப் போரில் இத்தனை குளறுபடி என்றால், நிஜப் போரை நடத்த மனிதனுக்குச் சாமர்த்தியம் போதாது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். அடுத்த வருடமே ஐரோப்பா நிஜப் போரை ஆரம்பித்துவிட்டது. டாங்கியைக் கதையில் கற்பனை செய்தவரும், போரைத் தரையில் பொம்மையாக விளையாடுங்கள் என்று சொன்னவரும் ஒரே ஆள். பிளாஸ்டிக் டாங்கியின் ஜாதகத்தை எழுதினால் இரண்டு கட்டங்களிலும் அவர் பெயரைப் போட வேண்டியிருக்கும்.

மார்க் 1 பிறந்தது இங்கிலாந்தின் லிங்கன் நகரில், விவசாய எந்திரங்கள் செய்துகொண்டிருந்த வில்லியம் ஃபாஸ்டர் கம்பெனியில். ரகசியம் காக்க வேண்டும் என்பதற்காக அதைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். டாங்க் என்ற பெயர் அப்படி வந்ததுதான். லிங்கனிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் நாட்டிங்ஹாம். அங்கேதான் 'வார்ஹேமர் 40,000' விளையாட்டின் உரிமையாளரான கேம்ஸ் வொர்க்ஷாப் இருக்கிறது. விளையாட்டு 1987இல் வந்தது. 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 கம்பெனிகளின் பட்டியலில் இடம் பிடித்தது. பிளாஸ்டிக் சிப்பாய்களும் டாங்கிகளும் செய்யும் கம்பெனி, வங்கிகளோடும் எண்ணெய் நிறுவனங்களோடும் ஒரே வரிசையில்.

அவர்களுடைய 'லேண்ட் ரெய்டர்' என்ற டாங்கியைப் பக்கவாட்டில் பார்த்தால் லிங்கன்காரர்கள் புன்னகைப்பார்கள். சங்கிலிப்பட்டை உடம்பின் மேலும் கீழுமாகச் சுற்றி ஓடுகிறது. துப்பாக்கிகள் தலைமேல் இல்லாமல் இரண்டு விலாவிலும் புடைத்து நிற்கின்றன. 1916இல் இதற்குக் காரணம் இருந்தது. அகலமான பதுங்குகுழியைத் தாண்ட நீண்ட, சாய்சதுர உடம்பு வேண்டும். மேலே கோபுரம் வைத்தால் கனம் உச்சிக்குப் போய் வண்டி சாயும். அதனால் பீரங்கி விலாவுக்கு வந்தது. 38,000 வருடம் தள்ளி நடக்கும் கதையிலும் சோம் நதிக்கரைச் சேற்றின் வடிவம் தொடர்கிறது. எதிர்காலத்தை வரைகிறவர்கள் பெரும்பாலும் தாத்தாவின் பெட்டியில்தான் கை விடுகிறார்கள்.

ஜப்பானியர்களின் கதை வேறு. மரம் அறுக்கும் தொழிலில் ஆரம்பித்த ஷிசுவோகா நகரத்து தமியா கம்பெனி, 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை பிளாஸ்டிக்கில் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் கொள்ள வேண்டும் என்று பார்த்து அளவை முடிவு செய்தார்கள். பிறகு கணக்குப் போட்டபோது அது அசலில் 35இல் ஒரு பங்கு என்று தெரிந்தது. இன்று உலகம் முழுவதும் ராணுவ மாடல்களின் பிரதான அளவு 1/35. பேட்டரி நிர்ணயித்த அளவு அது. அந்தக் கணக்கில் ஐந்தே முக்கால் அடி மனிதர் ஐந்து சென்டிமீட்டர் உயரம் இருப்பார்.

1979இல் வந்த கண்டம் என்ற கார்ட்டூன் தொடர் போதிய பார்வையாளர்கள் இல்லாமல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 1980 ஜூலையில் பண்டாய் கம்பெனி 300 யென்னுக்கு அதன் பிளாஸ்டிக் மாடலை விற்க ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழானது. அந்தத் தொடரில் டாங்கிகளும் உண்டு. ஒன்றுக்கு இடுப்புக்குக் கீழே சங்கிலிப்பட்டை, மேலே மனித உடம்பு. இன்னொன்றின் கோபுரம் கழன்று பறந்துவிடும். சரக்குக்காரர்கள் எதை வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் மாடல் செய்பவர்களின் மரியாதையை அதிகம் சம்பாதித்தவர் கோ யோகோயாமா என்ற ஓவியர்தான். 1982இலிருந்து ஹாபி ஜப்பான் பத்திரிகையில், வேறு வேறு மாடல் பெட்டிகளின் உறுப்புகளையும் மிஞ்சிய சாமான்களையும் கலந்து கட்டி, ஒரு எதிர்காலப் போரின் எந்திரங்களைச் செய்து காட்டினார். அதில் ஆள் இல்லாமல் மிதந்து போகும் 'நட்ராக்கர்' என்ற டாங்கி ஒன்று. பளபளப்பே கிடையாது. பத்து வருடம் மழையில் நின்ற லாரி மாதிரி இருக்கும். அதனால்தான் நம்ப முடிந்தது.

இதே வித்தையை ஹாலிவுட் ஏற்கெனவே பெரிய அளவில் செய்திருந்தது. 1975இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே வான் நைஸ் பகுதியில் ஒரு கிடங்கில் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு விண்கலங்கள் செய்தவர்கள், கடைகளிலிருந்து டாங்கி, விமான, கப்பல் மாடல் பெட்டிகளை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். உறுப்புகளை உடைத்தெடுத்து விண்கலத்தின் மேல் ஒட்டினார்கள். ஜெர்மன் டாங்கியின் சக்கரமும் சைலன்சரும் வேறு கிரகத்துக் கப்பலின் குழாய்களாக மாறின. கண் அதைக் கண்டுபிடிக்காது. ஆனால் ஒரு இன்ஜினியர் யோசித்துச் செய்த பொருள் இது என்று மட்டும் உணரும். யோசிக்காமல் ஒட்டிய வெறும் புடைப்புகளுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

இனி மேஜைக்கு வரலாம். முதல் வேலை குளிப்பாட்டுவது. உருக்கிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தித்தான் இந்த உறுப்புகள் வார்க்கப்படுகின்றன. அச்சின் வழவழப்பு மேலே ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது. அதனால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பது நல்லது. பிறகு கட்டர். உறுப்பை ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும். கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்ப்பதுதான் முறை. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் முடி கனத்தில் ஒரு கோடு ஓடும். அதைச் சுரண்டாமல் விட்டவர்களை, பெயின்ட் அடித்த பிறகு அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும்.

ஒட்டுவது என்கிறோம், உண்மையில் இது பற்றவைப்பு. மாடல் சிமென்ட் என்பது பசையே அல்ல; பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம். இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும். திரவம் தானாக இடுக்கு முழுக்க ஓடிப் பரவும். இரண்டு பக்கமும் இளகி ஒன்றோடொன்று கலக்கும். திரவம் ஆவியானதும் இரண்டு துண்டு ஒரே துண்டாகிவிடும். பிறகு மனம் மாறினால் பிரயோஜனமில்லை. விரல் அந்த இடுக்கின் மேல் இருந்தால் திரவம் விரலுக்கடியிலும் ஓடும்; கைரேகை கவசத்தில் நிரந்தரமாகப் பதியும். இதன் வாடையை மூச்சில் இழுப்பது உடம்புக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்துவைக்காமல் இந்த வேலையில் உட்காருவது முட்டாள்தனம். உப்புத்தாளால் தேய்க்கும் தூசிக்கு முகமூடி வேண்டும். பொழுதுபோக்குத்தானே என்று அலட்சியம் செய்கிறவர்கள்தான் அதிகம்.

இடைவெளி விழுந்தால் அடைக்கப் புட்டி விற்கிறது. சிக்கனக்காரர்கள் வெட்டி எறியும் சட்டத் துண்டுகளை அதே சிமென்ட்டில் ஊறப்போட்டுக் கூழாக்கி வைத்துக்கொள்கிறார்கள். காய்ந்தால் அது மாடலின் பிளாஸ்டிக்கேதான். தேய்த்தால் தடம் தெரியாது.

கம்பெனி கொடுத்ததை ஒட்டி முடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. தவறில்லை. ஆனால் ருசி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. கற்பனை எந்திரத்துக்கு அளவு என்பது பார்ப்பவரின் மனதில்தான் இருக்கிறது. அதே பெட்டி வடிவம் செருப்புப் பெட்டி அளவாகவும் தோன்றலாம், நாலு மாடிக் கட்டடமாகவும் தோன்றலாம். எது என்று முடிவு செய்வது, கண்ணுக்குப் பழக்கமான சின்னப் பொருட்கள்: ஏணிப்படி, கைப்பிடி, ஒரு ஆளின் தோள் நுழையும் அளவில் மூடி, மண்வெட்டி. இவற்றைச் சரியான இடத்தில் வைத்தால் டாங்கி தானாக வளர்ந்துவிடும். மெல்லிய செம்புக் கம்பிகளை முறுக்கினால் இழுவைக் கயிறு. டிஷ்யூ காகிதத்தைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து மடித்தால் சுருட்டிய தார்ப்பாய். சட்டத்துக் குச்சியை மெழுகுவத்திமேல் காட்டி இழுத்தால் நூலாக நீளும். அதைத் தகடுகளின் மூலையில் ஒட்டிச் சிமென்ட் தடவி, கத்தி முதுகால் அடுத்தடுத்து அழுத்தினால் வெல்டிங் தழும்பு.

இங்கேதான் பௌதிகம் குறுக்கே வருகிறது. கற்பனை டாங்கிகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. நீள, அகல, உயரத்தை இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகிறது. தரையைத் தொடும் பட்டையின் பரப்பு நாலு மடங்குதான் ஆகிறது. மண்ணின் மேல் விழும் அழுத்தம் இரட்டிப்பாகி, வண்டி புதைகிறது. ஹிட்லருக்கே இந்தப் பாடம் கிடைத்தது. 188 டன் எடையில் திட்டமிட்ட 'மௌஸ்' டாங்கியைப் பாலங்கள் தாங்காது என்பதால், ஆற்றின் அடியில் நடத்திக் கடக்கலாம் என்று யோசித்தார்கள். இரண்டே மாதிரி வண்டிகள்தான் தயாராயின. மிஞ்சிய ஒன்று மாஸ்கோவுக்கு அருகே கூபிங்காவில் நிற்கிறது. இதையெல்லாம் அறிந்த மாடல்காரர், தன் டாங்கியின் பட்டையை அகலமாக்குகிறார். சங்கிலியை நடுச் சக்கரங்களுக்கிடையே லேசாகத் தொய்யவிடுகிறார். விறைப்பாக நிற்கும் சங்கிலி பொம்மைக்கடைச் சங்கிலி. தொய்வுதான் இரும்பின் கனத்தைச் சொல்கிறது.

நிறம் அடிப்பதில் முதல் விரோதி தடிமன். பெயின்ட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடித்து விழுந்தால்கூட, 1/35 கணக்கில் கவசத்தின் மேல் மூன்றரை மில்லிமீட்டர் மேக்கப் போட்டது போல. ஆணித் தலைகளும் கோடுகளும் அதில் மூழ்கிவிடும். அதனால் நீர்க்க அடித்து, காயவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் ஏர்பிரஷ் வைத்திருக்கிறார்கள். பொறுமை உள்ளவர்களுக்குச் சாதாரண பிரஷ் போதும்.

அடித்து முடித்த டாங்கி அழகாகத்தான் இருக்கிறது. ஒரே சீராக, புத்தம் புதிதாக. அதை அப்படியே அலமாரியில் வைத்துவிடலாம் என்று கை தயங்குகிற நேரம் இது. பல வாரம் உழைத்த மேற்பரப்பைத் தானே அழுக்காக்க வேண்டும். பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அடியில் துருநிறம், அதன் மேல் சாதாரண ஹேர்ஸ்பிரே, அதன் மேல் அக்ரிலிக் பச்சை என்று ஏற்கெனவே திட்டமிட்டு அடித்தவர் மட்டும் தைரியமாகத் தண்ணீர் தொட்ட பிரஷை எடுக்கிறார். ஈரம் இறங்கியதும் நடுவில் உள்ள ஹேர்ஸ்பிரே கரைகிறது. மேல் நிறம் செதில் செதிலாகப் பெயர்ந்து துரு எட்டிப் பார்க்கிறது. டர்பன்டைனில் கரைத்த கருப்பு ஆயில் பெயின்டை இடுக்குகளில் தொட்டால் அழுக்கு தானே ஓடி உட்காரும்.

எங்கே அழுக்கு என்பதற்கு நியாயம் வேண்டும். எல்லா விளிம்பிலும் ஒரே அளவு துரு என்றால் அது அலங்காரம். சிப்பாய் ஏறும்போது பூட்ஸ் எங்கே படும்? அங்கே பெயின்ட் தேய்ந்திருக்கும். டீசல் ஊற்றும் வாயைச் சுற்றி எண்ணெய்க் கறை, புகைக்குழாய்க்கு மேலே கரி, மழை நீர் ஓடிய வழியில் செங்குத்தாகத் துருக்கோடு. மிதந்து போகும் டாங்கி என்றால் பட்டையே இல்லை. கீழிருந்து வீசும் காற்று கிளப்பும் புழுதி அடிவிளிம்பில் படியும், முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் அதிகம். இதற்கெல்லாம் புத்தகத்தைவிட, வெளியே நிற்கும் பழைய இரும்புதான் நல்ல வாத்தியார். மகாராஷ்டிரத்தில் அகமத்நகரில் (இப்போது அகில்யாநகர்) டாங்கி அருங்காட்சியகம் 1994இலிருந்து இருக்கிறது. விஜயந்தாவும், கைப்பற்றப்பட்ட பாட்டனும் வெயிலில் நிற்கின்றன. கிட்டப் போக முடியாதவர்கள் நெடுஞ்சாலை ஓரத்து புல்டோசரைப் பார்த்தாலும் போதும். அதன் பிளேடில் துரு இருக்காது, பளபளப்புதான் இருக்கும். தினமும் மண்ணில் உரசும் இரும்பு துருப்பிடிப்பதில்லை. துரு என்றால் எல்லா இடத்திலும் பழுப்பைப் பூசுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இந்த அழுக்கில் ஒரு நேர்மையும் இருக்கிறது. போர் எந்திரத்தைப் பளபளவென்று அலமாரியில் வைப்பது ஒன்று. குண்டு பட்ட பள்ளமும், அதன்மேல் அவசரமாக வெல்டிங் செய்த ஒட்டுத் தகடும் போட்டு வைப்பது இன்னொன்று. பள்ளத்தைச் செதுக்குகிறவர், அந்தக் குண்டு விழுந்தபோது அந்தத் தகட்டுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருந்ததாகக் கற்பனை செய்துதான் ஆக வேண்டும். எல்லோரும் அப்படி யோசிப்பதாகச் சொல்ல முடியாது. பலருக்கு அது வெறும் டெக்னிக். பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு, இது போர் வெறியை வளர்க்காது என்று யாரும் உத்தரவாதம் எழுதிக் கொடுக்க முடியாது. வெல்ஸுக்கே பதில் கிடைக்கவில்லை. 1946இல் அவர் இறப்பதற்குள் இன்னொரு உலகப் போர் நடந்து முடிந்திருந்தது, ஆயிரக்கணக்கான டாங்கிகளோடு.

லேண்ட் ரெய்டர் பெட்டியில் உட்புறமும் உண்டு. முன் கதவு திறக்கும். உள்ளே சுவர்ப் பலகைகளும் சின்னச் சின்னக் கருவிகளும் தெரியும். விளையாட்டின் விதிப்படி ஏற வேண்டிய வீரர்கள் அத்தனை பேரையும் பொம்மைகளாக வைத்து அடைத்துப் பார்த்தால் கொள்ளாது. இது ரசிகர்களுக்குள் ஒரு பழைய கேலி. உடம்பை மூடிவிட்டால் உட்புறத்தில் முக்கால் பங்கு கண்ணுக்கே படாது. விளக்கு அடித்துக் குனிந்து பார்த்தால் கொஞ்சம் தெரியும். அதை வர்ணமடிக்காமல் விட்டாலும் கேட்பாரில்லை.

இருந்தும் பலர் உள்ளேதான் அதிக நேரம் செலவழிக்கிறார்கள். மார்க் 1 டாங்கியின் வயிற்றில் எட்டுப் பேர். நடுவே, தடுப்புச் சுவர்கூட இல்லாமல், என்ஜின். சூடு கிட்டத்தட்ட 50 டிகிரி வரை ஏறும். பெட்ரோல் புகையில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு. வெளியே கவசத்தில் குண்டு பட்டால் உள்பக்கம் இரும்புச் சிதறல் பறக்கும் என்பதால், தோலும் இரும்பு வளையச் சல்லடையும் கொண்ட முகமூடி கொடுத்தார்கள். அதைப் படித்தவர் கற்பனை டாங்கியின் உட்புறத்தைச் சுத்தமான வெள்ளையில் விட மாட்டார். பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம். தலைக்கு மேலே, ஏறி இறங்கும்போது பிடித்துப் பிடித்து நிறம் போன கம்பி. கதவுப் படியில் காய்ந்த மண், உள்ளே போகப் போகக் குறைந்து மறையும் பூட்ஸ் தடம்.

இவ்வளவும் முடிந்த பிறகு மேல்மூடியை வைக்க வேண்டும். ஒட்டும் முன் ஒருமுறை வெறுமனே பொருத்திப் பார்ப்பது நல்லது. உள்ளே ஏதாவது உறுப்பு கழன்று உருண்டால் பிறகு எடுக்க வழியில்லை. விளிம்பில் பட்டிருக்கும் பெயின்ட்டைச் சுரண்டிவிட வேண்டும், பெயின்ட்டின் மேல் சிமென்ட் பிடிக்காது. ஓரம் முழுக்கத் தடவி, அழுத்தி, நாலு ரப்பர் பேண்டைக் குறுக்கே மாட்டி, காலை வரை தொடாமல் வைத்துவிட வேண்டும்.